13 சென்டிமீட்டர் வாசல்

லெஸ்டரில் என் அக்கா மகள் வீட்டுப் புறவாசலுக்குப் போனதும் முதலில் கண்ணில் பட்டது பலகை வேலியின் அடியில் இருந்த ஓட்டைதான். நேர்த்தியான சதுரம். அதன் வழியே பக்கத்து வீட்டுப் புல்தரை தெரிந்தது. "பெருச்சாளி வரப்போகுதும்மா, ஒரு பலகையை வச்சு அடைக்கக் கூடாதா?" என்றேன்.

"அடைக்கவா? ரம்பம் வாங்கி அறுத்ததே நான்தான் சித்தி. முள்ளெலி வர்ற வாசல் அது" என்றாள்.

13 சென்டிமீட்டர் அகலம், 13 சென்டிமீட்டர் உயரம். முள்ளெலி புகுந்து போகலாம், வீட்டு நாய்களில் பெரும்பாலானவை போக முடியாது. அந்த வரிசையில் ஏழு வீடுகள். ஐந்து வீட்டு வேலிகளில் இதே அளவில் வாசல் அறுத்திருக்கிறார்கள். ஆறாவது வீட்டுக்காரர் யோசித்துக்கொண்டிருக்கிறார். இரண்டு தொண்டு அமைப்புகள் சேர்ந்து 2011-இல் தொடங்கிய 'ஹெட்ஜ்ஹாக் ஸ்ட்ரீட்' என்ற இயக்கம்தான் இந்த அளவை நாடு முழுக்கக் கொண்டுசேர்த்தது. முள்ளெலி ஓர் இரவில் இரை தேடி ஒன்று முதல் இரண்டு கிலோமீட்டர் வரை நடக்கும். அதற்கு ஒரு தோட்டம் போதாது, பல தோட்டங்கள் வேண்டும். மனிதர்களோ மனைக்கு மனை இடைவெளியில்லாமல் பலகை அடித்துவிட்டார்கள். 2020-இல் வெளியான சிவப்புப் பட்டியலில் பிரிட்டனின் முள்ளெலி 'அழியக்கூடிய நிலை' என்ற வகையில் சேர்ந்துவிட்டது.

எனக்கு முள்ளெலி புதிதில்லை. உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டை ஒட்டித்தான் நான் வளர்ந்தேன். செம்மண் மேட்டில், உடைமரத்துத் தூரில், பனையோலைக் குவியலுக்கு அடியில் அது படுத்திருக்கும். தென்னிந்தியாவுக்கே உரிய வேறோர் இனம். பிள்ளைகளுக்குக் கக்குவான் இருமல் வந்தால் அதன் முள்ளைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவார்கள். எங்கள் ஆச்சியும் முள்ளோடு காய்ந்த தோல் ஒன்றைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருந்தாள். உயிரோடு ஒரு முள்ளெலியை நான் கடைசியாகப் பார்த்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்கு நாங்கள் யாரும் எந்த வேலியிலும் வாசல் விட்டதாக எனக்கு நினைவில்லை. அன்று எங்கள் வேலிகள் எல்லாம் முள்ளும் படலுமாக இருந்ததால் தனியாக வாசல் தேவைப்படவில்லை. இன்று ஊரில் பாதி மனைகளைச் சுற்றி ஹாலோ பிளாக் சுவர். அந்தச் சதுர ஓட்டையின் முன்னால் குந்தியிருந்தபோது எனக்கு அந்தச் சுவர்கள்தான் நினைவுக்கு வந்தன.

2024 அக்டோபர் கடைசியில், தீபாவளியை அக்கா மகள் குடும்பத்தோடு கழிக்கப் போனேன். ஆனால் லண்டனில் இறங்கிய முதல் நாளிலிருந்தே பயணம் வேறு திசையில் திரும்பிவிட்டது. அதற்குக் காரணம் தென் லண்டனில், மிச்சம் என்ற பகுதியில் இருக்கும் என் தோழி. வடமராட்சிக்காரி. அவள் வீட்டுப் பின்புறத்தில் ஆறேழு ஓக் மரக்குத்திகளைப் பாதி மண்ணில் புதைத்து நட்டு வைத்திருந்தாள். நான் ஒன்றின் மேல் உட்காரப் போனேன்.

"ஐயோ, அதில இருக்காதேங்கோ அக்கா. உதுக்குள்ள வண்டு கிடக்குது."

மான்கொம்பு வண்டைச் சொன்னாள். பிரிட்டனின் மிகப் பெரிய வண்டுகளில் ஒன்று. ஆண் வண்டின் தாடைகள் மான்கொம்பு போலக் கிளைத்திருக்கும். இதற்குத் தென் லண்டன் பெரிய கோட்டை. இந்த வண்டு வெளியே பறந்து திரிவது கோடையில் சில வாரங்கள்தான். அதற்கு முன் புழுவாக மண்ணுக்கடியில், உளுத்த மரத்தைத் தின்றுகொண்டு மூன்று வருஷத்திலிருந்து ஏழு வருஷம் வரை கிடக்கிறது. வண்டான பிறகு கெட்டியான இரை எதையும் அதனால் தின்ன முடியாது. புழுப் பருவத்தில் சேர்த்த கொழுப்பில்தான் பறக்கிறது, சண்டை போடுகிறது, இணை தேடுகிறது. அதாவது அந்தக் குத்தி அதற்கு வீடு மட்டுமில்லை, ஆயுள் முழுவதுக்குமான சோறும் அதுதான். நடுவில் யாராவது தோட்டத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று குத்தியைப் பெயர்த்துவிட்டால் அத்தனை வருஷமும் வீண்.

"ஊரில உக்கின தென்னங்குத்திக்குள்ள புழுவைக் கண்டா அப்பா மண்வெட்டியால கொத்திக் கொத்தி எறிவார். இஞ்ச நான் அதே மாதிரிப் புழுவுக்குக் காவல் இருக்கிறன்" என்றாள் தோழி.

அவள் அப்பா கொத்தியது காண்டாமிருக வண்டின் புழு. அது எருக்குழியிலும் உளுத்த தென்னையிலும் வளர்ந்து, வண்டானதும் தென்னங்குருத்தைத் துளைத்து மரத்தையே கெடுக்கும். தென்னையை நம்பி வாழ்கிற வீட்டில் அந்தப் புழுவுக்கு இடம் கொடுக்க முடியாது. மான்கொம்பு வண்டின் புழுவோ உயிருள்ள மரத்தைத் தொடுவதே இல்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான்: வெள்ளையாய், பருமனாய், வில்போல் வளைந்து. எந்த உயிர் எதைத் தின்கிறது, எங்கே தூங்குகிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அடைக்கலத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று அந்தக் குத்திகளின் பக்கத்தில் நின்றபோது எனக்குப் பட்டது.

லண்டனில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் தோட்டத்துக்கும் போனேன். 1995-இல் தொடங்கியது. 2024 ஜூலையில் விரிவாக்கி மறுபடி திறந்தார்கள். சவுத் கென்சிங்டனின் போக்குவரத்துக்கு நடுவே இருக்கும் அந்தச் சிறிய நிலத்தில் 3,000-க்கு மேற்பட்ட உயிரினங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். பிள்ளைகள் கூட்டம் அலைமோதியது. மழையும் வந்துவிட்டது. அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை.

நான் நின்று நிதானித்துப் பார்த்தது கிரேட் டிக்ஸ்டரை. ரயிலில் ஹேஸ்டிங்ஸ், அங்கிருந்து பேருந்தில் நார்த்தியம் என்ற கிராமம். கிறிஸ்டோபர் லாயிட் என்ற தோட்டக் கலைஞர் 2006-இல் காலமாகும் வரை வாழ்ந்து வளர்த்த தோட்டம். இப்போது ஃபெர்கஸ் காரெட் அதை நடத்துகிறார். யூ மரங்களை மயில் வடிவத்தில் கத்தரித்திருக்கிறார்கள். நடுக்கால மரச்சட்ட வீட்டின் முன்னால் நீண்ட மலர்ப்பாத்தி. அக்டோபர் முடியும் சமயம், டேலியாக்கள் இன்னும் சிவந்திருந்தன. மற்றதெல்லாம் காய்ந்து நின்றது. சோம்புச் செடியின் உலர்ந்த குடைகள், முள் உருண்டையாகக் காய்ந்த டீசெல் என்ற செடியின் தலைகள், உள்ளே துளையான தண்டுகள். ஒன்றையும் வெட்டவில்லை. பனி பெய்தால் அழகாக இருக்கும் என்பதற்காக விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அதுவும் ஒரு காரணம்தானாம். அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணிடம், எப்போது வெட்டுவீர்கள் என்று கேட்டேன். காய்ந்த தண்டு ஒன்றைத் தொட்டுக் காட்டி, "உள்ளே குளிர் காலத்துக்குக் குடியேறியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுந்து போகட்டும்" என்றாள்.

இந்தத் தோட்டத்தில் 2017 முதல் 2019 வரை உயிரினக் கணக்கெடுப்பு நடந்தது. சுற்றிலும் பழைய காடு, புல்வெளி, குளம் எல்லாம் இருக்கின்றன. உயிர்வளம் அங்கேதான் மிகுந்திருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். முடிவு வேறாக வந்தது. அந்தச் சொத்து முழுவதிலும் மிக வளமான பகுதி, மனிதன் நட்டு வளர்த்த இந்த அலங்காரத் தோட்டம்தான். நடந்து பார்த்தபோது எனக்கு அது வியப்பாக இல்லை. வசந்தத்தின் தொடக்கத்திலிருந்து பனி விழும் வரை ஏதாவதொன்று பூத்துக்கொண்டே இருக்கிறது. சாந்து பூசாமல் அடுக்கிய கல் படிகளின் இடுக்குகளில் செடி. பழைய களஞ்சியங்களின் மரச்சட்டங்களில் விரிசல். அடுக்கி வைத்த விறகு. நிழலும் வெயிலும் ஈரமும் காய்ச்சலும் பத்தடிக்குள் மாறி மாறி வருகின்றன. ஒரு பூச்சிக்கு முட்டையிட ஓரிடம், தின்ன ஓரிடம், உறங்க ஓரிடம் என்று மூன்று வேண்டும் என்றால் மூன்றும் அதன் சிறகுக்கு எட்டும் தூரத்தில் கிடைக்கின்றன. தோட்டக்காரரின் உழைப்பும் பூச்சியின் தேவையும் ஒன்றுக்கொன்று பகை என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையை டிக்ஸ்டரில் விட்டுவிட்டு வந்தேன்.

செயின்ட் பேன்கிராஸ் நிலையத்திலிருந்து லெஸ்டருக்கு ஒன்றேகால் மணி நேரம். இங்கிலாந்து ரயிலில் போகிறவர்களுக்கு ஊர்களின் முகப்பு தெரிவதில்லை, முதுகுதான் தெரியும். வரிசை வரிசையாகப் புறவாசல்கள்: துணிக்கொடி, தகரக் கொட்டகை, பிள்ளைகளின் ஊஞ்சல், மூலையில் ஒரு குவியல். இதே தடத்தில் இன்னும் ஒரு மணி நேரம் வடக்கே போனால் ஷெஃபீல்டு. இத்தகைய சாதாரண வீட்டுத் தோட்டங்களை முறையாக ஆராய்ந்தது அந்த ஊர்ப் பல்கலைக்கழகம்தான். 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில், கென் தாம்ப்ஸனும் கெவின் காஸ்டனும் அவர்கள் குழுவினரும் 61 தோட்டங்களை எடுத்துக்கொண்டு பூச்சிகளை எண்ணினார்கள். வேறு சில தோட்டங்களில், பூச்சிகளுக்கு உதவும் என்று எல்லோரும் சொல்கிற உபாயங்களைச் செய்து பார்த்தார்கள். மரத்தில் துளையிட்டும் குழல் அடுக்கியும் வைத்த இடங்களில் தனித்தேனீக்கள் நன்றாகவே குடியேறின. பெரிய ரோமத் தேனீக்களான பம்பிள் தேனீக்களுக்காக வைத்த பெட்டிகளில் ஒன்றில்கூட ஒன்றும் வரவில்லை. வண்ணத்துப்பூச்சிக்கென்று தொட்டிகளில் வளர்த்த காஞ்சொறிச் செடிகளையும் அவை எட்டிப் பார்க்கவில்லை. நல்லெண்ணம் இருந்தால் மட்டும் போதாது, வருகிறதா என்று எண்ணிப் பார்க்கவும் வேண்டும் என்பதை அந்த ஆய்வில்தான் நான் கற்றேன்.

அக்கா மகளும் இதை அனுபவத்தில் கற்றிருந்தாள். இரண்டு வருஷம் முன்பு ஒரு கடையில் 'பூச்சி விடுதி' ஒன்றை வாங்கினாளாம். சின்ன ஓட்டுவீடு மாதிரி, மேல்மாடியில் தேவதாரு மரக்காய்கள், நடுவில் மரச்சீவல், கீழே மூங்கில். பார்க்க அழகு. மழைநீர் உள்ளே இறங்கிப் பூசணம் பிடித்தது, சிலந்தி தவிர யாரும் வரவில்லை. மூங்கில் குழல்களின் பின்பக்கம் திறந்திருந்தது, உள்ளே பிசிறு. தனித்தேனீ முன்னும் பின்னும் திறந்த குழலுக்குள் முட்டை வைக்காது. பிசிறு அதன் சிறகைக் கிழித்துவிடும். அவள் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு கனமான மரத்துண்டை எடுத்து, 2 மில்லிமீட்டர் முதல் 10 மில்லிமீட்டர் வரை பல அளவில், மறுபக்கம் போய்விடாமல் ஆழமாகத் துளைகள் போட்டாள். உப்புத்தாள் கொண்டு வாய்களை மழமழப்பாக்கினாள். நெஞ்சு உயரத்தில், வெயில் விழும் தெற்குச் சுவரில், காற்றில் ஆடாதபடி அறைந்தாள். மறு ஏப்ரலிலேயே செந்நிற மேசன் தேனீ வந்துவிட்டது.

மேசன் என்றால் கொத்தனார். பெண் தேனீ வாயில் ஈரமண் கொண்டுவந்து துளைக்குள் குட்டி அறை கட்டும். மகரந்த உருண்டை வைத்து, ஒரு முட்டையிட்டு, மண் சுவர் எழுப்பி மூடும். பிறகு அடுத்த அறை. பெண் குஞ்சாகும் முட்டைகளை உள்ளே ஆழத்திலும், ஆணாகும் முட்டைகளை வாசல் பக்கமும் இடும். வசந்தத்தில் ஆண்கள் முதலில் வெளியேறிக் காத்திருப்பார்கள். கடைசியில் பெண் தேனீ வாசலையும் மண்ணால் பூசிவிடும். இதையெல்லாம் அவள் சொல்லக் கேட்டபோது எனக்கு எங்கள் வீட்டுக் குளவி நினைவுக்கு வந்தது. சாவித் துவாரத்தில், சுவர் மூலையில், சாமிபடத்தின் பின்னால் மண்கூடு கட்டும். அம்மா அதை உடைக்க விடமாட்டாள். "குளவி கூடு கட்டினா வீட்டுல பிள்ளை பிறக்கும்" என்பாள். அக்கா உண்டாகியிருந்த வருஷம் திண்ணைச் சுவரில் மூன்று கூடு இருந்தன. அந்தச் சுவருக்கு வெள்ளையடிக்க வந்தவரையே அம்மா திருப்பி அனுப்பினாள்.

பக்கத்தில் நின்று பூசிய வாசல்களை எண்ணினேன். 19. காலியாக இருக்கிறதே என்று தோன்றும் அளவுக்கு ஓசையில்லை. "காலி இல்லை சித்தி. புழு மகரந்தத்தைத் தின்னு முடிச்சு, கூட்டுக்குள்ள முழுத் தேனீயாவே மாறியாச்சு. சிறகு, கால், எல்லாம் தயார். ஏப்ரல் வரைக்கும் அப்படியே இருக்கும்" என்றாள். அக்டோபரில் முழு உருவம் பெற்றுவிட்ட உயிர் ஆறு மாதம் இருட்டில் அசையாமல் காத்திருக்கிறது. இவ்வளவு காலத்தையும் அதற்குக் கொடுப்பதுதான் அடைக்கலம் என்று எனக்குப் புரிந்தது. ஒரு மரத்துண்டில் துளை போட அரை மணி நேரம் போதும். ஆறு மாதம் தொடாமல் இருக்க வேறொரு மனம் வேண்டும். அதிலும் எங்கள் மாதிரி, விடிந்தால் வாசலைப் பெருக்கிக் கூட்டித் தள்ளியே பழகிய கைகளுக்கு அது எளிதில்லை.

அவள் தோட்டத்தில் நான் முதலில் குப்பை என்று நினைத்தவை ஒவ்வொன்றாகப் பெயர் பெற்றன. கொட்டகைக்குப் பின்னால் இருந்த சருகுக் குவியல் முள்ளெலிக்கு. நவம்பரிலிருந்து மார்ச் நடு வரை அது உறங்கும். உடல் சில்லிட்டு, இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 20 என்ற அளவுக்கு இறங்கிவிடும். நடுவில் கலைத்து எழுப்பினால் சேர்த்து வைத்த கொழுப்பு கரைந்து, குளிர் முடியும் வரை தாங்காது. வெட்டிய கிளைகளை இரண்டு வரிசைக் குச்சிகளுக்கு நடுவில் அடுக்கிய வேலி, ரென் என்ற சின்னஞ்சிறு குருவிக்கும் தேரைக்கும். சுவரில் படர்ந்த ஐவிக் கொடியைப் பலர் வெட்டித் தள்ளுகிறார்கள். ஆனால் மற்ற பூக்கள் முடிந்த பிறகு செப்டம்பரிலிருந்து பூப்பது அதுதான். ஐவிப் பூவையே நம்பியிருக்கும் ஒரு தேனீ பிரிட்டனில் முதலில் 2001-இல்தான், டார்செட் கடற்கரையில் பதிவானது. பிறகு மெல்ல வடக்கே ஏறி வந்திருக்கிறது. நான் பார்த்த நாளில் பூ முடியும் தறுவாய். அப்போதும் மதிய வெயிலில் இரைச்சல் கேட்டது. பச்சை இலை அடர்த்திக்குள் பிரிம்ஸ்டோன் வண்ணத்துப்பூச்சி இலையோடு இலையாகக் குளிரைக் கழிக்குமாம். அது தேடியும் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஊருக்குத் தொலைபேசியில் அக்காவிடம் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "பாம்பு வராதா?" என்பதுதான். நியாயமான கேள்வி. பிரிட்டனில் நஞ்சுள்ள பாம்பு ஒரே ஓர் இனம், அதுவும் நகரத்து வீட்டுத் தோட்டத்துக்கு வருவது அபூர்வம். எங்கள் தேரியில் சுருட்டை விரியன் உண்டு, கட்டுவிரியன் உண்டு. அம்மா தினமும் சாயங்காலம் வாசலையும் கிணற்றடியையும் பெருக்கிச் செத்தையைக் கொளுத்தியது பிள்ளைகள் மிதித்துவிடக் கூடாதே என்றுதான். அதில் தவறில்லை. ஆனால் வீட்டிலிருந்து நூறடி தள்ளி, பனைகளுக்கு நடுவில் ஓலையும் கருக்குமட்டையும் ஒரு பெரிய குவியலாகக் கிடந்ததே, அதை அவள் கொளுத்தியதே இல்லை. அரணை, ஓணான், கீரி, நான் கடைசியாகக் கண்ட முள்ளெலி எல்லாமே அங்கேதான். அந்தத் தூரம் வைத்ததுதான் அவள் அறிவு. இன்று அந்தப் பனைகளும் இல்லை, நூறடியும் இல்லை. மனை சுவரோடு முடிகிறது.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, நகரின் கிழக்கே ஹம்பர்ஸ்டோன் பக்கம் நடந்துவிட்டு வந்தேன். ஒரு வீட்டைத் தேடிப் போகவில்லை, அந்தத் தெருக்களின் தன்மையைப் பார்க்கத்தான் போனேன். ஏனென்றால் ஜெனிஃபர் ஓவன் என்ற உயிரியலாளர் இப்படியொரு சாதாரணக் குடியிருப்பில்தான், தன் வீட்டுத் தோட்டத்தில், 1972 முதல் 2001 வரை முப்பது வருஷம் பூச்சிகளை எண்ணினார். புல்தரை, மலர்ப்பாத்தி, காய்கறி, நடைபாதை என்று எல்லா வீடுகளிலும் இருப்பதுதான் அங்கேயும் இருந்தது. பூச்சிமருந்து மட்டும் அடிக்கவில்லை. கூடாரம் போன்ற வலைப்பொறியை நிறுத்தி, விழுந்ததை ஒவ்வொன்றாக இனம் பிரித்தார். கணக்கு இது: செடிகொடிகள் 474, பூச்சிகள் 1,997, முதுகெலும்பில்லாத மற்ற உயிர்கள் 138, முதுகெலும்புள்ளவை 64. மொத்தம் 2,673 இனங்கள். மலர்களில் மொய்க்கும் மிதவை ஈக்களில் மட்டும் 94 வகை. பிற பூச்சிகளின் உடலுக்குள் முட்டையிடும் இக்நியூமன் குளவிகளில் பிரிட்டனில் அதுவரை எவரும் காணாதவையும், அறிவியலுக்கே புதியவையும் அந்த வீட்டுப் புறவாசலில் கிடைத்தன. வருஷங்கள் போகப் போகப் பல இனங்கள் குறைந்துகொண்டே வந்ததையும் அதே குறிப்பேடுகள்தான் சொல்கின்றன. 2010-இல் அரச தோட்டக்கலைச் சங்கம் அந்த முப்பது வருஷ உழைப்பைப் புத்தகமாக வெளியிட்டது. ஓவனைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஏற்படும் மரியாதை, எண்ணிக்கையைவிட அந்தப் பொறுமைக்காகத்தான்.

1972 என்ற வருஷத்தை லெஸ்டரில் யாரும் மறக்க முடியாது. இடி அமீன் உகாண்டாவிலிருந்த ஆசியர்களை மூன்று மாதக் கெடுவில் விரட்டினார். அந்தச் செப்டம்பரில் லெஸ்டர் நகர மன்றம் உகாண்டாவின் செய்தித்தாளில் விளம்பரமே கொடுத்தது: எங்கள் ஊரில் வீடு இல்லை, பள்ளியில் இடமில்லை, இங்கே வராதீர்கள் என்ற பொருளில். ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். பெல்கிரேவ் சாலையில் குஜராத்திகள் திறந்த இனிப்புக் கடைகளும் புடவைக் கடைகளும் இன்று நகரின் பெருமை. இந்தியாவுக்கு வெளியே நடக்கும் மிகப் பெரிய தீபாவளிகளில் ஒன்று இந்தத் தெருவில்தான். ஹம்பர்ஸ்டோன் போய்வந்த அன்று மாலை அங்கே போனேன். நாலரை மணிக்கே இருட்டத் தொடங்க, தலைக்கு மேல் வரிசை வரிசையாக விளக்குகள் எரிந்தன. ஒரு பெரியவர் தன் கடை வாசலில் நின்று எல்லோருக்கும் பர்பி கொடுத்துக்கொண்டிருந்தார். நானும் வாங்கிக்கொண்டேன். ஒரே நகரம், ஒரே வருஷம்: இந்தப் பக்கம் இடமில்லை என்ற விளம்பரம், அந்தப் பக்கம் ஒரு பெண் தன் துண்டு நிலத்தில் எத்தனை உயிருக்கு இடமிருக்கிறது என்று எண்ணத் தொடங்கியது. பர்பியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்தத் தெருவில் நின்றேன்.

அக்டோபர் 31 தீபாவளி. அக்கா மகள் வீட்டில் விளக்கும் மத்தாப்பும் மட்டும்தான். வெடி இல்லை. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியில் வலசைப் பறவைகளுக்காகத் தலைமுறைகளாக வெடி வெடிக்காத கிராமத்தாரைப் பற்றி அவள் தன் எட்டு வயது மகனுக்குச் சொல்லியிருக்கிறாள். அவன் அதை வகுப்பிலும் சொன்னானாம்.

ஆனால் ஐந்தே நாளில் இங்கே இன்னொரு வெடிநாள் வருகிறது. 1605-இல் பாராளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்க நடந்த சதி முறியடிக்கப்பட்டதன் நினைவாக, நவம்பர் 5 இரவில் ஊரெங்கும் பெருந்தீ மூட்டுவார்கள். அதற்காக இரண்டு வாரமாகவே மரக்கட்டையும் காய்ந்த கிளையும் சருகும் சேர்த்துக் குவிப்பார்கள். குளிருக்கு இடம் தேடி அலையும் முள்ளெலிக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்குமா? நுழைந்து சுருண்டுவிடும். ஆபத்து வந்தால் ஓடாமல் சுருள்வதுதான் அதன் வழக்கம். ஒவ்வொரு வருஷமும் இப்படி எரிந்து போகின்றன. மூட்டுகிற அன்றைக்கே குவியுங்கள், முன்பே குவித்திருந்தால் வேறிடத்துக்கு மாற்றி அடுக்கிவிட்டு மூட்டுங்கள் என்று வனவிலங்கு அமைப்புகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

வேலிக்கு இன்னும் வாசல் அறுக்காத அந்த ஆறாவது வீட்டில்தான் இந்த முறை தீ. குவியல் ஆள் உயரம். ஐந்தாம் தேதி பிற்பகல் அக்கா மகளும் மகனும் கையுறை போட்டுக்கொண்டு கிளம்ப, நானும் போனேன். பக்கத்து வீட்டு மூதாட்டியும் கைத்தடியோடு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வீட்டுக்காரர் முதலில் தயங்கினார், பிறகு அவரே மேலிருந்து எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார். ஒவ்வொரு கட்டையாக எடுத்து, தட்டிப் பார்த்து, பத்தடி தள்ளி அடுக்கினோம். இரண்டு மணி நேரம். முள்ளெலி இல்லை.

இருந்தவை வேறு. காய்ந்த தண்டு ஒன்றைப் பிளந்தபோது ஏழு புள்ளிப் பொறிவண்டுகள் பதினொன்று, பருப்பு அடைத்ததுபோல் நெருக்கமாக. பட்டைக்கு அடியில் நத்தைகள். இன்னும் பேர் தெரியாத சின்னஞ்சிறு வண்டுகள். எல்லாவற்றுக்கும் கீழே, ஈரமண்ணில் அழுந்தியிருந்த கடைசிக் கட்டையைப் புரட்டியபோது ஒரு பெரிய தேரை. செம்புக் கண்ணை மெல்லத் திறந்து எங்களைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. வீட்டுக்காரர் மண்டியிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கைகளாலும் மண்ணோடு சேர்த்து அள்ளி எங்கள் வீட்டுக் கிளைவேலிக்கு அடியில் கொண்டுவந்து விட்டார். தண்டுகளையும் சருகையும் எரிக்கவில்லை. கை கையாக எங்கள் குவியலுக்கு வந்தன. உலர்ந்த பலகைகளை மட்டும் இரவு ஏழு மணிக்கு மூட்டினார்கள். அதுவே போதிய வெளிச்சம் கொடுத்தது. வாசல் அறுக்க ரம்பத்தை எப்போது தருவாய் என்று அவர் அக்கா மகளிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

நான் கிளம்பும் காலையில் பேரன் தன் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தான். தோட்டத்தில் கண்ட உயிர்களை எண் போட்டு எழுதி வைக்கிறான். சில பெயர்கள் ஆங்கிலத்தில், தெரிந்தவரை சில தமிழில். முள்ளெலி ஒன்றாம் எண். போன ஜூன் மாதத்துத் தேதி.

"சின்னாச்சி, தேரைக்குச் சின்ன ர-வா, பெரிய ற-வா?"

"சின்ன ர."

31 என்று எண் போட்டு, கோடு தாண்டாமல் மெல்ல எழுதினான்.